ரிலே, டிரான்ஸிஸ்டர், அம்பிளியின் ஈரக் கை

1

இருந்தவர்கள்: ஷம்சியா, கட்டிலின் ஓரத்தில், மடியில் எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு. அவள் கணவர் தாவூது, வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில், ஒரு கால் உள்ளே, ஒரு கால் படியில். இந்த வீட்டுக்காரர் ராஜன், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து ஸ்டூலில், சுவரைப் பார்த்து. ராஜனின் தங்கை அம்பிளி உட்காரவில்லை. சமையலறைக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். ராஜனின் மனைவி பொன்மணி, ஜன்னலோர மேசையில், பேனாவோடு.

இடம் மட்டாஞ்சேரி. நாள் சனிக்கிழமை, காலை பதினொன்று. தபாலாபீஸ் கவுண்ட்டர் இரண்டு மணிக்கு அடைத்துவிடும்.

இப்படித் தொடங்கினால் கதையா, போலீஸ் மகஜரா என்று நீங்கள் கேட்கலாம். பொன்மணி சித்தூரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிட்டால் பிற்பாடு யாரும் "நான் அங்கே இல்லையே" என்று சொல்ல முடியாது என்பது அவள் அங்கே கற்ற பாடம். இருபது வருடமாக அக்கம்பக்கத்தாருக்கு மனுக்களும் கடிதங்களும் எழுதிக் கொடுப்பவள். அந்தக் கடிதங்களில் வரும் "நான்" எல்லாம் மற்றவர்களுடையது. அதனால் இந்தக் கதையை எழுதுகிறவள் பொன்மணியே ஆனாலும் இதில் அவள் "பொன்மணி" என்றே வருவாள். தன்னை "நான்" என்று எழுதினால் யாருக்காக எழுதுகிறோம் என்று அவளுக்கே குழம்பிவிடும்.

கதை எப்படிப் பிறந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். இது கற்பனையில் பிறக்கவில்லை, வினாத்தாளில் பிறந்தது. ஷம்சியா தபாலில் எலக்ட்ரானிக்ஸ் தொடக்கப் பாடம் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவள் படித்ததெல்லாம் மலையாளம். ஆனால் வீட்டுப் பேச்சில் படித்தால்தான் தலையில் நிற்கும் என்று தமிழ்ப் பாடத்தில் சேர்ந்தாள். கடைசி வினா இது:

"ரிலேக்கும் டிரான்ஸிஸ்டருக்கும் உள்ள வேறுபாட்டை, மின்னணுவியல் அறியாத ஒருவருக்கு மாணவர் வாய்மொழியாக விளக்க வேண்டும். கேட்டவர் தமக்கு விளங்கியதைத் தம் கைப்பட, எந்த வடிவத்திலும் எழுதலாம். அவர் எழுதியதற்கே மதிப்பெண். வாய்ப்புகள் மூன்று."

ஆக, சொல்கிறவள் ஷம்சியா, எழுதுகிறவள் பொன்மணி, மதிப்பெண் போடுகிறவர் நீங்கள். இது மூன்றாவது வாய்ப்பு. தேறினால் இரண்டாம் புத்தகமும் எர்ணாகுளத்தில் ஒரு பழுதுபார்க்கும் பட்டறையில் ஆறு மாதப் பயிற்சியும் உண்டு. தேறாவிட்டால் தாவூதின் கயிறு, பூட்டுக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்தப் பாகம் ஏன் செத்தது என்று தெரியாமல் மிக்ஸிகளுக்குப் பாகம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அது அவளுக்கு அலுத்துவிட்டது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மனிதகுல வரலாற்றில் மின்சாரம் என்பது மகத்தான ஒரு...

[அடித்தாயிற்று. மனிதகுலத்தைப் பற்றிப் பொன்மணிக்கு ஒன்றும் தெரியாது.]

இரண்டாம் முயற்சி: "ரிலே பழையது, டிரான்ஸிஸ்டர் புதியது. பழையதன் இடத்தைப் புதியது எவ்வாறு பிடித்தது என்றால்...

இதைப் பொன்மணி உரக்கப் படித்தபோது ஷம்சியா டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

"அக்கா, இதுதான் வேண்டாங்கறேன். ரெண்டாவது பேப்பர் இதுலதான் போச்சு."

முதல் இரண்டு விடைத்தாள்களையும் அவள் எடுத்துக் காட்டினாள். முதலாவது தாவூது எழுதியது. ஒரே வரி: "என் மனைவி சொல்வது எல்லாம் சரி." அதற்குக் கீழே நீங்கள் சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள்: "விளக்க வேண்டியது மனைவியை அல்ல."

"மரியாதையாத்தானே எழுதினேன்" என்றார் தாவூது.

இரண்டாவதை எழுதியது ஷம்சியாவின் அக்கா லதீஃபா. நாலு பக்கம், அழகான கையெழுத்து. ரிலே அந்தக் காலத்துச் சாமான், டிரான்ஸிஸ்டர் இந்தக் காலத்துச் சாமான் என்று. அதற்கு உங்கள் குறிப்பு: "வயது வித்தியாசம் கேட்கப்படவில்லை. ரிலே இன்றும் வேலையில்தான் இருக்கிறது."

பொன்மணி இரண்டாம் முயற்சியையும் அடித்தாள். அடித்த வரிகளை அப்படியே விட்டிருக்கிறாள். எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று தெரிந்தால்தான் மதிப்பெண் போடுகிறவருக்கு நியாயமாக இருக்கும்.

3

ஷம்சியா டிபன் பாக்ஸைத் திறந்து சர்க்கரைக் கட்டி அளவில் ஒரு நீல டப்பியை எடுத்தாள். மேல் மூடியைப் பிளேடால் அறுத்து வைத்திருந்தாள்.

"இது ரிலே. உள்ள கம்பிச் சுருள் இருக்கு பாருங்க. இதுல கரண்ட் விட்டா காந்தமாகும். காந்தம் இந்தத் தகட்டை இழுக்கும். தகடு போய் அங்க ஒட்டும். டக். அங்க லைட்டோ மோட்டரோ எது இருக்கோ, அது ஓடும்."

"கரண்டை நிறுத்தினா?"

"காந்தம் போச்சு. ஸ்பிரிங்கு தகட்டைத் திருப்பி இழுத்துக்கும். டக்."

"அப்ப சுருள்ல போன கரண்டுதான் தகடு வழியா லைட்டுக்குப் போகுது."

"இல்லக்கா. எல்லாருக்கும் தப்புற இடம் இது. சுருளோட கரண்ட் சுருளோட முடிஞ்சுது. லைட்டுக்குப் போறது வேற கரண்ட், வேற இடத்துலேர்ந்து வர்றது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடறதே இல்ல."

பொன்மணி எழுதினாள்: "ரிலே என்பது, ஒன்றையொன்று தொடாத இரண்டு... இரண்டு என்ன?

அப்போது ராஜன் சுவரிடம் சொன்னார்: "அம்பிளி, சாயா இருக்கான்னு கேளு."

அம்பிளி நிலையை விட்டு நகர்ந்து, செருப்பு டக் டக்கென்று ஒலிக்க, இரண்டு அடி நடந்து மேசைக்கு வந்தாள். "மதினி, அண்ணன் சாயா இருக்கான்னு கேக்குது."

"ஃபிளாஸ்க்குல இருக்குன்னு சொல்லு."

அம்பிளி திரும்பி நடந்தாள். "அண்ணா, ஃபிளாஸ்க்குல இருக்காம்."

[இதை மறைத்துவிடலாம் என்றுதான் பொன்மணி நினைத்தாள். ஆனால் இருந்தவர்கள் பட்டியலில் "சுவரைப் பார்த்து" என்று எழுதியாகிவிட்டது. வியாழக்கிழமை முதல் இருவருக்கும் பேச்சு இல்லை. புதிய வாஷிங் மெஷினுக்கு இடம் வேண்டும், மேசையைப் பின்கட்டுக்கு மாற்று என்றார் ராஜன். மேசை நகராது என்றாள் பொன்மணி. இரண்டு பேரும் நகரவில்லை. மெஷின் இப்போது அட்டைப் பெட்டியோடு கட்டிலை ஒட்டித் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது.]

ஷம்சியாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, இதேதான். இந்தப் பக்கம் ராஜன் சேட்டன், அந்தப் பக்கம் நீங்க. ரெண்டு பேரும் தொடறதில்ல. நடுவுல அம்பிளி."

"நான் தகடா?" என்றாள் அம்பிளி.

"தகடுதான். போனா போவே, இல்லாட்டி நிப்பே. பாதி வழியில நின்னு பாதி சேதி சொல்ல மாட்டே."

"மூணு நாளா நடக்கிறேன். முட்டு தேஞ்சுபோச்சு."

"ரிலேயும் தேயும்" என்றாள் ஷம்சியா. "லட்சம் தடவை தட்டினா முனை கரிஞ்சுபோகும்."

பொன்மணி வேகமாக எழுதினாள்: ரிலேயில் இரண்டு வீடுகள். நடுவில் நடந்து போகும் ஒருத்தி. நடப்பதற்கு நேரம் பிடிக்கும், சத்தம் கேட்கும், தேய்மானம் உண்டு. ஆனால் ஒரு வீட்டுக் கோபம் மறு வீட்டைச் சுடாது. இந்தப் பக்கம் சிறிய பேட்டரி, அந்தப் பக்கம் வீட்டு மின்சாரம். ஆனாலும் பேட்டரியைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்காது.

4

இந்த இடத்தில் பொன்மணிக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. தாவூது இந்தக் கதைக்கு எதற்கு? வந்ததிலிருந்து ஃபோன். கயிறு, தார்ப்பாய், ஆலப்புழை லாரி என்று அறை முழுக்க அவர் குரல்தான். அவர் பெயரை மெதுவாக அடிக்கப் போனாள்.

"என்னை ஏன் வெட்டறீங்க?" என்றார் தாவூது, ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு. "முதல் பேப்பர் எழுதினவனே நான்தான்."

"பேசாம இருங்க" என்றாள் ஷம்சியா. மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, மூன்று கால்களோடு கறுப்பாக ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். "இது டிரான்ஸிஸ்டர். ஒரு காலுக்குச் சின்னக் கரண்ட் குடுத்தா, மத்த ரெண்டு காலுக்கு நடுவுல பெரிய கரண்டைப் போக விடும். கொஞ்சம் குடுத்தா கொஞ்சம் விடும். கூடக் குடுத்தா கூட விடும். உள்ள அசையறதுக்கு ஒண்ணுமே இல்ல. சத்தமும் இல்ல."

"கொஞ்சம் குடுத்தா கொஞ்சமா? ரிலேக்கு அது கிடையாதா?"

"அம்பிளி பாதி நடப்பாளா?"

தாவூதின் குரல் மறுபடி ஃபோனில் உயர்ந்தது. "நாப்பது பண்டல்னு சொன்னேன், நாப்பது..." ஷம்சியா அவர் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. இன்னும் இறக்கினாள். இன்னும் இறங்கியது. மறுமுனையில் கேட்கவில்லை போலிருக்கிறது. விரலை லேசாகத் தூக்கினாள், குரல் அந்த அளவே ஏறியது. தாவூதுக்கு இது நடப்பதே தெரியவில்லை.

பொன்மணி பேனாவை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அந்தக் கை எத்தனை லட்சம் முறை ஏறி இறங்கியிருக்கும். டக் என்று ஒரு சத்தம் கிடையாது.

"ஷம்சியா, உன் கைதான் அந்தச் சின்னக் கரண்டா?"

ஷம்சியா தன் கையைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அல்லாவே, ஆமா."

"ஆனா சத்தம் உன் கையிலேர்ந்து வரல."

"அது அவர் தொண்டையிலேர்ந்து வர்றது. அதுதான் பேட்டரி. சின்னக் கரண்ட் பெரிய கரண்டை உண்டாக்காதுக்கா. இருக்கறதை எவ்வளவு விடணும்னு சொல்லும், அவ்வளவுதான்."

ஆகவே தாவூது கதையில் இருக்கிறார். டிரான்ஸிஸ்டரில் இரண்டு வீடு கிடையாது, ஒரே குடும்பம். மூன்று கால்களில் ஒன்று இரண்டு கரண்டுக்கும் பொது. வேகம் அதிகம், தேய்மானம் கிடையாது, கண்ணிமைக்கும் நேரத்தில் லட்சம் தடவை ஏறி இறங்கும். ஆனால் சுவர் இல்லாத காரணத்தால் ஒருவர் தலைவலி மற்றவருக்கும். வீட்டு மின்சாரத்தை இந்தப் பொடிசின் தலையில் நேராக ஏற்றினால் பொசுங்கிவிடும்.

[அடிக்குறிப்பு: "பொடிசு என்றால் யார், நானா?" என்று தாவூது கேட்டது பதிவு செய்யப்படுகிறது.]

5

இதோடு முடித்திருந்தால் மணி பன்னிரண்டே கால். ஆனால் ஷம்சியா செய்து காட்டுவேன் என்றாள்.

எட்டு பென்சில் பேட்டரி, ஒரு டிரான்ஸிஸ்டர், ஒரு சிவப்பு எல்.இ.டி., தொடுவதற்கு இரண்டு கம்பி முனைகள். பொன்மணி ஒரு கை விரலால் ஒன்றையும் மறு கை விரலால் மற்றதையும் தொட்டாள். எல்.இ.டி. மங்கலாக எரிந்தது. அழுத்திப் பிடித்தாள், கொஞ்சம் கூடியது. அவள் உடம்பு வழியே ஊர்ந்த கரண்டை அவள் உணரவில்லை, டிரான்ஸிஸ்டர் உணர்ந்தது. டிரான்ஸிஸ்டரை எடுத்துவிட்டு, ரிலேயின் சுருளுக்கு நேராக விரல் வழியே கரண்ட் விட்டுப் பார்த்தாள் ஷம்சியா. ரிலே அசையவே இல்லை. இவ்வளவு சின்னப் பேச்சு அதன் காதில் விழாது.

"இப்போ ரெண்டையும் சேக்கறேன்" என்றாள் ஷம்சியா. விரல் சொல்வதை டிரான்ஸிஸ்டர் கேட்கும், பெரிதாக்கி ரிலேக்குச் சொல்லும், ரிலே வீட்டு மின்சாரத்தில் எரியும் பல்பைப் போடும். பல்பை ஹோல்டரோடு ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். கம்பி மூட்டுகளை டேப்பால் சுற்றிவிட்டுப் பிளக்கைச் செருகினாள். "நேத்து வீட்டுல நாலு தடவை எரிஞ்சுது. தொடுங்கக்கா."

பொன்மணி தொட்டாள். ஒன்றும் இல்லை.

ஷம்சியா தொட்டாள். ஒன்றும் இல்லை. தாவூது இரண்டு விரலாலும் அமுக்கினார். ராஜன்கூட ஸ்டூலோடு திரும்பி உட்கார்ந்து தொட்டார். ஒன்றும் இல்லை. ஷம்சியா ஒவ்வொரு இணைப்பாக அழுத்திப் பார்த்தாள். அவள் காது மடல் சிவந்தது. "நேத்து எரிஞ்சுது" என்றாள் மறுபடி, இந்தத் தடவை மெதுவாக. பன்னிரண்டு நாற்பது.

[இங்கே பொன்மணி ஒரு பொய் எழுதத் தயாராக இருந்தாள். "பல்பு பளிச்சென்று எரிந்தது" என்று எழுதிவிட்டால் நீங்கள் வந்தா பார்க்கப் போகிறீர்கள்? அந்த வாக்கியம் பாதி வரை எழுதப்பட்டு...

அம்பிளி இதற்குள் உள்ளே போய்ச் சாளை மீனைக் கல்லுப்புப் போட்டு உரசிக்கொண்டிருந்தாள். அறையில் திடீரென்று எல்லாரும் அமைதியானது அவளுக்குப் பொறுக்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் வந்தாள்.

"என்ன, யாரும் மிண்டல? நானும் தொடட்டா?"

"ஈரக் கையோட தொடாதே, ஷாக் அடிக்கும்" என்று தாவூது நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அடிக்காது" என்றாள் ஷம்சியா. அந்தச் சோர்விலும் இதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. "இந்தப் பக்கம் பேட்டரிதான். பல்பு அந்த வீடு. நடுவுல ரிலே இருக்கு. நீ தொடு அம்பிளி."

அம்பிளி தொட்டாள். டக். ஃபிரிட்ஜின் மேல் பல்பு எரிந்தது.

கையை எடுத்தாள். டக். அணைந்தது. மறுபடி தொட்டாள், எரிந்தது. அம்பிளி தன் கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஒரு செதில் ஒட்டியிருந்தது.

"எரியுது, பொன்மணி" என்றார் ராஜன். சுவரிடம் அல்ல, நேராக. வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் வார்த்தை.

"தெரியுது" என்றாள் பொன்மணி.

"அப்ப என் வேலை போச்சா?" என்றாள் அம்பிளி.

ஷம்சியா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. நேற்று நாலு தடவையும் தொழுகைக்கு ஒளு எடுத்துவிட்டு, ஈரம் காயாத கையோடு உட்கார்ந்து தொட்டுப் பார்த்திருக்கிறாள். "ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் முன்னாடி அஞ்சு நிமிஷம் இருக்கேன்னு உட்காருவேன்கா. ஈரக் கை கரண்டை நல்லா விடும். உப்புத் தண்ணி இன்னும் நல்லா விடும். காஞ்ச கை விடறது ஒரு டிரான்ஸிஸ்டருக்குப் போதல." சொல்லிக்கொண்டே டிபன் பாக்ஸிலிருந்து இன்னொரு டிரான்ஸிஸ்டரை எடுத்தாள். முதலாவது பெரிதாக்கியதை இரண்டாவது வாங்கி இன்னும் பெரிதாக்கும்படி இணைத்தாள். "இப்போ தொடுங்க."

பொன்மணியின் காய்ந்த, மை படிந்த விரலுக்கு, டக்.

அதற்குப் பிறகு கால் மணி நேரம் யாரும் எழுதவில்லை. தாவூது இருபது தடவையாவது தொட்டிருப்பார். ராஜன், முழங்கையால் தொட்டால் எரியுமா என்று பார்த்தார். எரிந்தது.

6

வேறுபாடு என்று நீங்கள் கேட்டதை இனி ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். மெல்லிய பேச்சு டிரான்ஸிஸ்டருக்குக் கேட்கும், கூட்டவும் குறைக்கவும் அதற்குத் தெரியும், சத்தமில்லை, அசைவில்லை. ரிலேக்குக் காது மந்தம். போடும் அல்லது நிறுத்தும். ஆனால் கனத்த வேலையைத் தாங்கும், இரண்டு பக்கத்தையும் தொடவிடாமல் காக்கும். எது உசத்தி என்ற கேள்விக்கு இந்த வீட்டில் பதில் கிடையாது. அம்பிளியின் கைக்குப் பல்பு எரிந்ததற்கு ஒன்று காரணம், அவளுக்கு ஷாக் அடிக்காததற்கு மற்றது காரணம்.

கதைக்கு முடிவு வேண்டும். பொன்மணி மூன்று எழுதிப் பார்த்தாள்.

முடிவு அ: ஷம்சியா தேறுகிறாள். எர்ணாகுளம் பட்டறையில் முதல் நாள்... [இது உங்கள் கையில் உள்ளது. பொன்மணி எழுதினால் அத்துமீறல்.]

முடிவு ஆ: தேறவில்லை. கவர் திரும்பி வருகிறது. சிவப்பு மையில்... [எழுத மனம் வரவில்லை.]

முடிவு இ: மேசை நகர்கிறது, அல்லது மெஷின் பின்கட்டுக்குப் போகிறது. [இது வேறு கதை. ராஜன் இப்போதுதான் இஞ்ச் டேப்பைத் தேடுகிறார்.]

7

முடிந்தது என்று மடிக்கப் போனபோதுதான் கடைசித் தாளில் அச்சடித்த உறுதிமொழி கண்ணில் பட்டது. "மேற்கண்ட பாடம் எனக்கு முழுமையாக விளங்கியது." கீழே எழுதியவர் கையெழுத்து.

பொன்மணி பேனாவைக் கொண்டுபோய் நிறுத்தினாள். "ஷம்சியா, ஒண்ணு கேக்கட்டா? ரிலேயில தகடு நகருது, கண்ணால பார்த்தேன். டிரான்ஸிஸ்டர்ல ஒண்ணும் நகரலேன்னா, எப்படி வழி விடுது? உள்ள என்ன நடக்குது?"

ஷம்சியா உதட்டைப் பிதுக்கினாள். "அது எனக்கும் தெரியாதுக்கா. அது ரெண்டாம் புத்தகத்துல இருக்கு."

"அப்ப எனக்கு முழுசா மனசிலாகல."

"பொன்மணியக்கா, கையெழுத்துப் போடுங்க" என்றார் தாவூது. "அவங்க உங்க தலையைத் திறந்தா பாக்கப் போறாங்க? இது கடைசிச் சான்ஸ். ஒரு வார்த்தைல போயிடப்போகுது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தாளில் இருப்பதுபோல் கையெழுத்திட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பொன்மணி எழுதுகிறவள்தான்; பரீட்சை அவளுடையது அல்ல. பேனாவை ஷம்சியாவிடம் நீட்டினாள். "நீ சொல்லு. உன் பேப்பர்."

ஷம்சியா அந்த வரியை விரல் வைத்து இன்னொரு தடவை படித்தாள். "லதீஃபாக்கா முழுமையாகன்னுதான் கையெழுத்துப் போட்டாங்க" என்றாள். "கரண்ட்டுல தெரியாததைத் தெரியும்னு சொல்லிட்டுக் கை வெச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்." பேனாவை வாங்கி, ஸ்கேல் வைத்து, "முழுமையாக" என்ற சொல்லின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். நேரான கோடு.

தாவூது வாயைத் திறந்தார். ஷம்சியாவின் கை அசையவில்லை. அவராகவே மூடிக்கொண்டார். "செரி" என்றார் பிறகு. "பசை எங்க?"

பொன்மணி கையெழுத்திட்டாள்.

ஐயா அல்லது அம்மா, உங்களிடம் ஒரு விண்ணப்பம். தேர்ச்சி என்றால் இரண்டாம் புத்தகத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள். தேர்ச்சி இல்லை என்றால், அதில் பதில் இருக்கும் ஒரு பக்கத்தையாவது நகலெடுத்து அனுப்புங்கள். நேற்றுவரை அந்தக் கேள்வி ஷம்சியாவுடையது மட்டும். இப்போது ஐந்து பேருக்குத் தெரிந்தாக வேண்டியிருக்கிறது. ஒன்றும் அசையாமல் எப்படி வழி விடுகிறது? தாவூது ஆலப்புழை லாரிக்காரரிடம்கூடக் கேட்டுப் பார்த்துவிட்டார். அவருக்கும் தெரியவில்லை.

மதிப்பெண்ணுக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறது. கதையின் முடிவை அங்கே எழுதிக்கொள்ளுங்கள். சிவப்பு மையானாலும் பரவாயில்லை.

8

(உறையின் பின்புறம், பென்சிலில்)

ஒட்டியாயிற்று. ஒரு மணி முப்பத்தைந்து. ராஜன் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார், பின்னால் ஷம்சியா. தன் கையாலேயே கவுண்ட்டரில் கொடுப்பேன் என்கிறாள். இதை எழுதி முடிக்குமுன் உறையை அவள் இழுத்துக்கொண்